வண்டிப் பூட்டு

தேவானையின் வீட்டுக்குப் பூட்டு கிடையாது. மந்தைவெளிக்குப் பின்பக்கம், கால்வாய்க் கரையில், தலைக்கு மேலே பறக்கும் ரயில் போய்வந்துகொண்டிருக்கும் சின்னாத்தா தோட்டத்துக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. அத்தனை வருடமும், கதவைச் சாத்திக் கொக்கியில் ஒரு துணியை முடிந்துவிட்டுப் போனால் போதும் என்றுதான் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டுப் போட வேண்டி வந்தது. அதுவும் வீட்டுப் பூட்டு இல்லை. அவள் புருஷன் வடிவேலு தன் மீன்பாடி வண்டியை, சாமான் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியை, சங்கிலி போட்டு விளக்குக் கம்பத்தோடு கட்டுகிற பூட்டு.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

ஆவணி பிறந்த வாரத்தில் கரை முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்களாம். கரையில் இருக்கிற குடும்பங்களுக்கெல்லாம் செம்மஞ்சேரிக்கும் அந்தப் பக்கம் எட்டு மாடிக் கட்டடத்தில் வீடாம். அதற்கு முன்னால் கணக்கெடுப்பு. கணக்கெடுக்க வருகிற நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், குடும்பம் வாசலில் நிற்க வேண்டும். கைரேகை வாங்கிக்கொண்டு, நிற்கிறவர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு, டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் இருந்தால் வீடு. ஒரே நாளில் மூன்று தடவை வந்து பார்த்தும் வீடு பூட்டிக் கிடந்தால், அந்த வீட்டில் யாரும் குடியில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த எட்டு மாடி வீட்டை ஆசைப்பட்டு யாரும் கேட்கவில்லை. அங்கிருந்து மயிலாப்பூருக்கு வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் அதுவும் கையில் இல்லையென்றால், கரையை இடித்தபிறகு நிற்க இடம் நடைபாதைதான். இது தேவானைக்குத் தெரியும். ஐந்தாவது வரை படித்தவள். நோட்டீசை எழுத்துக் கூட்டி மூன்று முறை வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

வருகிற தேதியை மட்டும் நோட்டீசில் போடவில்லை. அதனால் மூன்று வாரம், சர்க்கார் லீவான சனி ஞாயிறு போக, முறை வைத்துக் காவல் இருந்தார்கள். திங்களும் செவ்வாயும் வடிவேலு வண்டி எடுக்கவில்லை. புதன், வியாழன் பிரபு. பிரபு பெரிய பிள்ளை, இருபது வயது, வாடகை வண்டியில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். வெள்ளிக்கிழமை மட்டும் சின்னவள் நிலாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் உட்கார வைத்தார்கள். ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணக்கெடுப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். "எங்க அப்பா பேரு வடிவேலு. எங்க அம்மா பேரு தேவானை. நாங்க மொத்தம் நாலு பேரு."

அந்த நாலு பேரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு என்றால் இவர்களுக்கு அன்றைக்குத்தான் வேலை கூடுதல். தி.நகரில் வடிவேலுவுக்கு லோடு இருக்கும். பிரபுவுக்கு ஞாயிறு மதியம் மூச்சு விட நேரமிருக்காது. தேவானைக்கு சாந்தோமில் ஃப்ளோரா டீச்சர் வீடு. டீச்சரும் அவர் கணவர் சாரும் சர்ச்சில் பூசைக்குப் போய்த் திரும்பினால் விருந்து சமையல், விருந்தாளி, மலை மாதிரி பாத்திரம். பதினோரு வருடமாக அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமையை அவள்தான் கழுவிக் கவிழ்க்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே அடுக்களைக்குள் வந்தார்.

"நாளைக்கு எனக்கு டூட்டி போட்டுட்டாங்க தேவானை. பூசைக்குக்கூடப் போக முடியாது. ஏழு மணிக்கு ஸ்கூல்ல வந்து நிக்கணுமாம். சாரும் தங்கச்சி வீட்டுக்குப் போறார். நீ வரவேண்டாம்."

"பரீட்சையா டீச்சர்?"

"ம்" என்றார் டீச்சர். கண்ணாடி ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது.

பதினோரு வருடத்தில் டீச்சர் வாயிலிருந்து "நீ வரவேண்டாம்" என்று ஒரு ஞாயிறுகூட வந்ததில்லை. தேவானை மாவை அவசரமாக அரைத்து முடித்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில், மகளிர் குழுத் தலைவி அன்புக்கரசியின் வாசலில் நின்றாள். கணக்கெடுப்பு பற்றிச் சேதி ஏதும் வந்தால் முதலில் அன்புக்கரசி காதுக்குத்தான் வரும்.

"நாளைக்கு வருவாங்களாக்கா?"

"ஞாயித்துக்கெழமை எந்த கவர்மெண்டு ஆளுடி வேலை செய்வான்? திங்கக்கெழமைன்னு சொல்லிகினு கீறாங்க. போய் நிம்மதியா தூங்கு."

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் தேவானை வீட்டில் உத்தரவு போட்டுவிட்டாள்.

"நாளைக்கு யாரும் வேலைக்குப் போவக் கூடாது. நாலு பேரும் வெளிய போறோம். செம்மஞ்சேரிக்குப் போய்ட்டா அப்புறம் இந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கவா வரப் போறோம்?"

"துட்டு?" என்றான் பிரபு.

"துட்டு எதுக்கு? கட்டுச்சோறு கட்டிக்கலாம். தண்ணி எடுத்துக்கலாம். எனக்கும் பாப்பாவுக்கும் பஸ்ல டிக்கெட்டு கெடையாது. கடலுக்கு எவன் டிக்கெட்டு போடறான்?"

"ஞாயித்துக்கெழமை வண்டி ஓட்டலன்னா இன்சென்டிவ் பூடும்மா."

"போனா போவட்டும்."

வடிவேலு பீடியை வாயிலிருந்து எடுத்தான். "நான் ஒருத்தன் வூட்ல கீறேனே, தேவானே. நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க. எதுக்கும் ஒருத்தன் இருந்தா நல்லது."

"நாலு பேர்னா நாலு பேர்யா. ஒருத்தரை வுட்டுட்டுப் போறதுன்னா அது தெனிக்கும்தான் நடக்குது."

"சரி. அப்போ பூட்டிகினு போவணும். கணக்கெடுக்கற சமயம் பார்த்து எவனாச்சும் உள்ள பூந்து குந்திகினு இது என் வூடும்பான். அடையாத்துல அப்டித்தான் ஆச்சு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. காலையில் கிளம்பும்போது வண்டியின் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கதவில் மாட்டினான். இழுத்துப் பார்த்தான். பூட்டு பெரிது, கொக்கி சிறிது. அசைத்துத் திருகித்தான் உள்ளே நுழைந்தது.

"பேங்க் லாக்கர் மாதிரி கீது நைனா" என்றாள் நிலா.

தெருமுனைக்கு வந்ததும் தேவானை கையை நீட்டினாள். பிரபுவுக்கு எதற்கென்று புரிந்தது, புரியாதவன் மாதிரி நின்றான்.

"போனைக் குடு."

"ம்மா, கூப்டுவாங்கம்மா."

"கூப்டட்டும். சோறு துன்னும்போதும் அதையே நோண்டிகினு கீற. இன்னிக்கு ஒரு நாள் உன் மூஞ்சிய நாங்க பார்க்கறோம். ஆஃப் பண்ணிக் குடு."

வடிவேலுவின் போனுக்கு ரீசார்ஜ் முடிந்து பத்து நாளாகியிருந்தது. அது வீட்டிலேயே கிடந்தது. தேவானைக்கென்று போன் கிடையாது. பிரபு தன் போனை அணைத்துக் கொடுத்தான். தேவானை அதை ஒரு துண்டில் சுற்றி, சோற்றுத் தூக்குக்கு அடியில் பையின் கடைசியில் திணித்தாள். அதைச் செய்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. மகனைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி.

பெசன்ட் நகர் பஸ்ஸில் கண்டக்டர் தேவானைக்கும் நிலாவுக்கும் காசில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஆண்களிடம் கையை நீட்டினார்.

"நாங்க இன்னா சார் பாவம் பண்ணோம்?" என்றான் பிரபு.

"பொடவை கட்டிகினு வா தம்பி, உனக்கும் கிழிச்சுக் குடுக்கறேன்."

பஸ்ஸே சிரித்தது. வடிவேலு, "அம்மா பொடவை ஒண்ணு இவனுக்கு எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றான். பிரபுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிப்பதைத் தேவானை ஜன்னல் பக்கம் திரும்பின மாதிரி பாவனை செய்துகொண்டு கவனித்தாள். மேல்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும், அவள் அப்பாவுக்கு இருந்த மாதிரி. அதைப் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

கடற்கரையில் வெயில் ஏறும்வரை இருந்தார்கள். நிலா அண்ணனை இடுப்புவரை மணலில் புதைத்தாள். வடிவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையோடு போட்டி போட்டான், தோற்றான், முழுக்க நனைந்தான். பிறகு தெருத்தெருவாக நடந்தார்கள். நடக்கும்போது ஒரு விளையாட்டு தானாகக் கிளம்பியது. யார் ஆரம்பித்தார்கள் என்று சொல்ல முடியாது.

"இந்த வூட்டு ரெண்டாவது மாடிக்கு பீரோ ஏத்தினேன்" என்றான் வடிவேலு. "லிஃப்ட்ல கொள்ளல. மாடிப்படில மூணு பேர் தூக்கினோம். ஒரு சொம்பு தண்ணி குடுக்கல, பாவிங்க."

"அந்தப் பச்சை கேட்டு" என்றான் பிரபு, "அங்க ஒருத்தரு தெனம் ராத்திரி ஒரே ஒரு பாயாசம் ஆர்டர் பண்ணுவாரு. வேற ஒண்ணுமே கெடையாது. கேட்டுல கைய நீட்டி வாங்கிப்பாரு. மூஞ்சியே நான் பார்த்ததில்ல."

"சக்கரை வியாதியா இருக்கும். பொண்டாட்டிக்குத் தெரியாம துன்றாரு" என்றாள் தேவானை. "இதோ இந்த மூலை வூட்ல நான் பிரபுவ வயித்துல வெச்சுகினு ஆறு மாசம் வேலை செஞ்சேன். அந்தம்மாவுக்கு நாயி மூணு. மூணுக்கும் தனித்தனியா சோறு."

"நான் யாரு வூட்டையும் சொல்லவே முடியலையே" என்று நிலா சிணுங்கினாள்.

"சொல்லாதே. உனக்கு அந்த மாதிரி சொல்றதுக்கு வூடு வேணாம்" என்றான் வடிவேலு. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அங்கிருந்து தி.நகர். ஐந்து மாடித் துணிக்கடை ஒன்றில் நுழைந்தார்கள். உள்ளே போனதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. வடிவேலு, "இதுக்குக் காசு கேப்பானா?" என்று மெதுவாகக் கேட்டான். நிலா நகரும் படிக்கட்டில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். நாலாவது தடவை வாட்ச்மேன் பக்கத்தில் வந்தார்.

"ஏதாச்சும் வாங்கறீங்களா?"

"பொண்ணு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கணும். ரேட் பார்க்கறோம்" என்றான் வடிவேலு.

வாட்ச்மேன் நிலாவைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கா?"

"இப்பவே பார்த்து வெச்சாதானே சார்."

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். "இன்னும் ஒரு தபா ஏறிட்டு எறங்கிடச் சொல்லு. சூப்பர்வைசர் வர்றாரு."

வெளியே வந்தபோது பசி பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று போனால், அங்கே மதியத்துக்குக் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம். வெளியே மதிலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் நிழல் கொடுத்தது. அங்கேயே நடைபாதையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார்கள். எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு, நாலு வறுத்த மிளகாய். பிரபு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். "ஓட்டல் பொட்டலத்தை மோந்துகினே ஊரைச் சுத்தறேன், இந்த ருசி ஒண்ணுலயும் கெடையாதும்மா" என்றான்.

தேவானை மிச்சமிருந்த உருளைக்கிழங்கை அவன் பக்கம் தள்ளினாள். காலையிலிருந்து பஸ் டிக்கெட்டும் ஆளுக்கொரு டீயும்தான் செலவு. இந்த ஒரு நாளை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். எட்டு மாடிக்குப் போனாலும் மாசத்துக்கு ஒரு ஞாயிறு இப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எந்த ஞாயிறு என்றுகூட யோசித்துவிட்டாள்.

"ம்மா, ஒரே ஒரு போட்டோம்மா" என்றாள் நிலா. "நாலு பேரும். நம்ம நாலு பேரு இருக்கற போட்டோவே வூட்ல கெடையாது."

அதற்கு மறுப்புச் சொல்ல அவளால் முடியவில்லை. பையின் அடியிலிருந்து போனை எடுத்தாள். பிரபு அதை ஆன் செய்தான். கை நீளமானவன் அவன் என்பதால் அவனே தூக்கிப் பிடித்தான். வடிவேலு உப்புப் பிடித்த தலையைக் கையால் படிய வாரிக்கொண்டான். நிலா நடுவில். "நைனா, பல்லக் காட்டு" என்றாள். எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். போட்டோ விழுந்தது.

அது விழுந்த அதே நேரத்தில் போன் டிங் டிங் என்று ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

"டெலிவரிக்காரனுங்களா?" என்றான் வடிவேலு.

பிரபு திரையை விரலால் தள்ளிப் பார்த்தான். "அன்புக்கரசி அத்தை. இருபத்தியோரு தடவை" என்றான். பிறகு வாய்ஸ் மெசேஜை அழுத்தினான். முதலாவது காலை எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்தது.

"டேய் பிரபு, எங்கடா கீறீங்க? கணக்கெடுக்க வந்துட்டாங்கடா. டீச்சருங்களப் போட்டுகீறாங்க, அதான் லீவு நாள்ல வந்துகீறாங்க. சீக்கிரம் வாங்கடா."

இரண்டாவது பதினொன்றரைக்கு. "ரெண்டாவது தடவை வந்து பார்த்துட்டாங்க. நான் சொல்றேன், இவங்க இங்கதான் கீறாங்கன்னு. கேக்க மாட்டேன்றாங்க. உங்கம்மா எங்கடா?"

கடைசி மெசேஜ் ஒரு மணி ஐந்துக்கு. அதில் அன்புக்கரசி கத்தவில்லை. "ஒண்ணரைக்கு முடிச்சிட்டு கெளம்பறாங்க தேவானே" என்று மட்டும் சொன்னாள்.

அப்போது மணி ஒன்று நாற்பது.

சோற்றுத் தூக்கை மூடினார்களா இல்லையா என்று தேவானைக்கு நினைவில்லை. வடிவேலு ரோட்டில் இறங்கி ஆட்டோவின் குறுக்கே நின்றான். ஆட்டோக்காரர் என்ன கேட்டாரோ, வடிவேலு பேரம் பேசாமல் ஏறினான். அவன் பேரம் பேசாமல் ஏறின ஆட்டோ அது ஒன்றுதான். லஸ் முனையில் சிக்னல் விழுந்தபோது பிரபு, "கூப்டுவாங்கன்னு நான் சொன்னேன்ல" என்றான். அவனாகவே நிறுத்திக்கொண்டான்.

சின்னாத்தா தோட்டத்தில் கல்யாணம் முடிந்த சத்திரம் மாதிரி இருந்தது. எல்லோரும் நல்ல துணி கட்டியிருந்தார்கள். எல்லோர் கையிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு. ஒவ்வொரு வாசலிலும் சிவப்பு மையில் நம்பர். தேவானை வீட்டுக் கதவிலும் நம்பர் இருந்தது. அதற்குக் கீழே, பூட்டுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

'வீடு பூட்டியுள்ளது. காலை 8.50. காலை 11.25. மதியம் 1.10. வசிப்பவர் எவரும் இல்லை.'

தேவானை எழுத்துக் கூட்டவில்லை. கூட்டாமலே வாசிக்க முடிந்தது. அந்தக் கையெழுத்து அவளுக்குப் பழக்கம். பதினோரு வருடமாக ஃப்ரிட்ஜ் கதவில் அந்தக் கையெழுத்தில்தான் அவளுக்கு வேலை எழுதியிருக்கும். 'மல்லித்தூள் வாங்கவும். திரைச்சீலை துவைக்கவும்.' வரிக்கு வரி கீழே கோடு போட்டு, கடைசியில் ஒரு புள்ளி.

"நடுவயசு அம்மா ஒண்ணு, கண்ணாடி போட்டுகினு" என்றாள் அன்புக்கரசி. "நல்லவங்கதான். மூணு தடவையும் அவங்களேதான் வந்தாங்க. பூட்டைப் புடிச்சு இழுத்துப் பார்த்துட்டு, 'பழைய பூட்டு, ரொம்ப நாளா பூட்டியே கிடக்கும்போல'ன்னாங்க. இல்லம்மா, காலையிலதான் மாட்டினாங்கன்னு சொன்னேன். கூட இருந்த பெரிய ஆபீசரு ஒத்துக்கல. பூட்டைப் போட்டோ எடுத்துகினு போய்ட்டாங்க. ஞாயித்துக்கெழமை வரமாட்டாங்கன்னு நாந்தானே சொன்னேன்... என் வாயில தீய வெக்க."

வடிவேலு சாவியை எடுத்தான். திருகி அசைத்துத்தான் பூட்டு வெளியே வந்தது. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவானைக்குத் தேவலை என்றிருந்திருக்கும். அவன் திட்டவில்லை. "காலுல மணலு கீது, கழுவிகினு உள்ள வா" என்று நிலாவிடம் சொன்னான்.

மறுநாள் ஆறரைக்கெல்லாம் தேவானை சாந்தோமில் இருந்தாள். டீச்சர் கதவைத் திறந்தார். கால் இரண்டிலும் தைலம் வாசனை.

"வா, வா. நேத்து நாள் பூரா வெயில்ல நடக்க விட்டுட்டாங்க தேவானை. காலே போச்சு."

"என் வூட்டுக்கு வந்தீங்க டீச்சர்."

டீச்சருக்கு விளங்கவில்லை. தேவானை கதவிலிருந்து உரித்து எடுத்து வந்த தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் எழுத்தையே வாசித்தார். வாசித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயோ. நீ சின்னாத்தா தோட்டமா?"

"ஆமா டீச்சர்."

"சொல்லவே இல்லையே நீ!"

"நீங்க கேக்கலையே" என்று வாய்வரை வந்தது. தேவானை சொல்லவில்லை. உதவி கேட்க வந்தவள்.

"அங்க ஒரு அம்மா தேவானை, தேவானைன்னு சொன்னாங்க. ஊர்ல எத்தனை தேவானை! நீன்னு நான் நினைக்கவே இல்லை." டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் டேப்லெட்ல ஏத்தியாச்சு. சாயங்காலமே பட்டியலை மூடிட்டாங்க. என்னால இனிமே தொடக்கூட முடியாதும்மா. குறைதீர் முகாம் வைப்பாங்க. மனு குடு. நானே எழுதித் தர்றேன்."

எழுதியும் தந்தார். அழகான மனு. ஐயா அவர்களுக்கு என்று ஆரம்பித்து, வரிசையாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"இதோட நீங்களும் ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க டீச்சர். பதினோரு வருசமா என்னைத் தெரியும், நான் அந்த வூட்லதான் கீறேன்னு."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உன்னைத் தெரியும்னு எழுதறேன். நீ என் வீட்ல வேலை செய்யறன்னு எழுதறேன். நீ அந்த வீட்லதான் இருக்கன்னு நான் எப்படி எழுதுவேன், தேவானை? நான் உன் வீட்டுக்கு வந்ததில்லையே. நேத்துதான் வந்தேன், வந்தப்ப பூட்டியிருந்தது. அதையும் நானே எழுதியிருக்கேன்."

பொய் சொல்லவில்லை டீச்சர். அதுதான் கொடுமை. தெரு முழுக்க வீடுகளைக் காட்டி இது நான் ஏறின மாடி, இது நான் தேய்த்த பாத்திரம் என்று நேற்று காலையில் சொல்லிக்கொண்டு போனது தேவானைக்கு நினைவு வந்தது. அந்த வீட்டுக்காரர்களில் ஒருவரைக் கூப்பிட்டு வந்து இவள் வீடு எது என்று கேட்டால், எந்தப் பக்கம் என்று கையைக்கூட நீட்டத் தெரியாது.

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்ச் சனிக்கிழமை அரைத்த மாவை எடுத்து வெளியே வைத்தாள். புளித்துப் பொங்கியிருந்தது.

முகாமுக்கு நாலு பேரும் போனார்கள். அடையாற்றில் ஒரு சமுதாயக் கூடம். காலை எட்டுக்குப் போய் மூன்று மணிக்கு முறை வந்தது. ரேஷன் கார்டு வடிவேலுவின் அண்ணன் பேரில் பழைய விலாசத்தில் இருந்தது. ஆதார் அட்டைகளிலும் அதே விலாசம்தான். கரண்ட் பில் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. "குடும்பமா இங்க இருக்கறதுக்கு வேற என்ன ஆதாரம்?" என்று அதிகாரி கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. களைத்துப்போயிருந்தார்.

"போட்டோ கீது சார்" என்றாள் நிலா. அண்ணன் கையிலிருந்து போனைப் பிடுங்கி நீட்டினாள். "நாங்க நாலு பேரும்."

அதிகாரி வாங்கிப் பார்த்தார். நாலு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பூங்காவின் மதில். கீழே ஞாயிற்றுக்கிழமை தேதியும் மணியும்.

"இது எங்க எடுத்தது பாப்பா?"

"தி.நகர்ல."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "பரிசீலிக்கறோம்" என்று மனுவின் மேல் முத்திரை குத்தினார்.

ஐப்பசியில் லாரிகள் வந்தன. மழை ஆரம்பிப்பதற்குள் முடிக்க வேண்டுமாம். மனுவுக்குப் பதில் எதுவும் வரவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் நம்பர் நம்பராகக் கூப்பிட்டார். கூப்பிட்ட குடும்பம் சாமான்களை ஏற்றிக்கொண்டு, டோக்கனைக் காட்டிவிட்டு லாரியில் ஏறியது. அன்புக்கரசி ஏறும்போது தேவானையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மதியத்துக்குள் தோட்டம் பாதி காலி. பின்னாலேயே மஞ்சள் எந்திரம் வந்து, காலியான வீட்டையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாய்த்தது. பூட்டிக் கிடந்ததாக எழுதின வீட்டையும் சாய்த்தது. அதற்குப் பட்டியல் பார்க்கவில்லை.

நாலு பேரும் ரோட்டோரம், மீன்பாடி வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். அன்றைக்குப் பிரபு டெலிவரிக்குப் போகவில்லை. நிலா பள்ளிக்கூடம் போகவில்லை. தேவானை சாந்தோமுக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. பாத்திரம், பாய், கேஸ் அடுப்பு, நிலாவின் புத்தகப் பை எல்லாம் வண்டியில் ஏறியிருந்தது. மேலே பறக்கும் ரயில் ஒன்று போனது. ஜன்னலில் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

"எங்க போறோம் நைனா?" என்றாள் நிலா.

வடிவேலு சங்கிலியை வண்டிச் சக்கரத்தில் நுழைத்து விளக்குக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்தான். பூட்டை மாட்டினான். கொக்கி இல்லாததால் இப்போது சுலபமாக விழுந்தது. சாவியைத் தேவானையிடம் கொடுத்தான்.

"நீ இங்கியே இரு. நான் மட்டும் போய் ராயப்பேட்டைப் பக்கம் எதுனா ரூமு கெடைக்குதான்னு பார்த்துகினு வரேன்."

தேவானை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம். நாலு பேரும் போலாம்" என்று சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் வண்டியைப் பார்த்தாள். சாமானைப் பார்த்தாள். எந்திரம் நின்றிருந்த பக்கம் பார்த்தாள். சட்டையை விட்டுவிட்டாள்.

"நீ போய்ட்டு வா" என்றாள். "நான் இங்கியே கீறேன். எங்கியும் போவ மாட்டேன்."